தோட்டப் பாடசாலையும் ஆண் பெண் கலப்பும்: வட்டகொடையை முன்னிறுத்திய ஒரு திறனாய்வு

மலையக ஆக்க இலக்கியத்தைத் தொடர்ந்து பயின்று வருவோர்க்கு ஓர் உண்மை விரைவிலே புலப்பட்டுவிடும். அங்கு லயம் இருக்கின்றது; கொழுந்து மலை இருக்கின்றது; பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, கொழுந்து மடுவம், கோயில் திடல், நகரத்துக் கடை ஆகிய யாவும் இருக்கின்றன. வகுப்பறை மட்டும் அருகியே காணப்படுகின்றது. வகுப்பறை வருமிடத்தும் அங்கே ஓர் ஆசிரியர் நிற்பார். அவர் பெரும்பாலும் இலட்சியவாதியாக இருப்பார். கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருப்பான். அவன் படித்து வெளியேறுவதோ, படிக்க முடியாது போவதோ கதையின் பொருளாக அமையும். அதே அறையில் எதிர்ப்புற வாங்கில் அமர்ந்திருந்த பெண்பிள்ளைக்கு யாது நேர்ந்தது என்பதைக் கதை சொல்வதில்லை. அவள் அடுத்த தடவை நம்முன் தோன்றும்போது அவளுடைய முதுகிலே கூடை ஏறியிருக்கும்.

என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக்கொழுந்து’ (தொகுதி வெளிவந்த ஆண்டு 1980) மலையகச் சிறுகதையின் உச்சங்களுள் ஒன்று. கொழுந்து பறிக்கும் இளம்பெண்ணின் தொழில்திறனையும் அத்திறனோடு பிணைந்த மானத்தையும் அவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்த எழுத்து நம்மிடம் வேறில்லை எனலாம். ஆயினும் அப்பெண்ணின் விரல்கள் கொழுந்துக்குப் பழகுமுன் எழுதுகோலுக்குப் பழகினவா என்ற வினா அக்கதைக்குள் எழவில்லை. எழவேண்டும் என்ற நியதியுமில்லை. நாம் இங்கு இராமையாவைக் குறை கூறவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியம் எதனைக் காண்கின்றது, எதனைக் காணாது கடந்து செல்கின்றது என்பது தனியொரு எழுத்தாளரின் பார்வைக் கோளாறு அன்று. அக்கூட்டத்தின் வாழ்நிலையினின்றே அது பிறக்கின்றது. 1960ஆம் ஆண்டை ஒட்டி எழுச்சி கொண்ட மலையகத் தலைமுறை, ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் முதலான ஆசிரியர்களைச் சுற்றித் திரண்ட தலைமுறை. கல்வி அவர்கட்கு லயத்தினின்றும் வெளியேறும் வாயிலாக இருந்தது. அவ்வாயிலினூடே முதலில் வெளியேறியோர் ஆண்களாகவே இருந்தனர். ஆதலின் வகுப்பறை பற்றிய நினைவும் ஆணின் நினைவாகவே இலக்கியத்துட் புகுந்தது.

இவ்விலக்கியத்தின் மூலவர்களுள் ஒருவரான சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்தது மடக்கொம்பரைத் தோட்டத்தில். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில், மலையகப் புகையிரதப் பாதையில் அமைந்த வட்டகொடையைச் சார்ந்த தோட்டம் அது. தோட்டத்திற்கு வெளியே கல்வி பெற்று, ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவாகி, மறு ஆண்டே தம் மக்கள் பிரசாவுரிமை இழக்கக் கண்டவர் அவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பாலஐயா 1969இல் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கிய நெடுங்கவிதை, தோட்டத்து மனிதரின் உழைப்பை உலகுக்கு எடுத்துரைத்தது. மடக்கொம்பரையில் 1914இல் ஒரு பெண்பிள்ளை பிறந்திருப்பின் அவள் எங்கு கற்றிருப்பாள், எதனை எழுதியிருப்பாள் என்று கேட்பது வெறும் கற்பனை அன்று. இக்கட்டுரை ஆராய முனையும் பொருளின் வாயில் அதுவே.

ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்பது நன்றோ, தனித்தனியே அமர்ந்து கற்பது நன்றோ, ஒரு வகுப்பில் எத்தனை பங்கு பெண்பிள்ளைகள் இருப்பின் கற்றலும் மனநலமும் செழிக்கும் என்ற வினாக்கள் கல்வியியலாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. இவ்விவாதங்கள் பொதுவாக ‘மாணவன்’, ‘மாணவி’ என்ற இரு அரூபங்களை வைத்துக்கொண்டே நடத்தப்படுகின்றன. அவ்விருவரின் பெற்றோர் எவ்வாறு உயிர் வாழ்கின்றனர், பாடசாலை முடிந்ததும் அவர்களை எவ்வகை உழைப்பு எதிர்நோக்கி நிற்கின்றது என்பன விவாதத்திற்கு வெளியே விடப்பட்டு விடுகின்றன. நாம் இவ்வினாவை வட்டகொடையில் வைத்துக் கேட்க விழைவது இதனாலேயே.

தோட்டப் பாடசாலை தொடக்கத்திலிருந்தே கலப்புப் பாடசாலையாக இருந்தது. இதனை முற்போக்கின் அடையாளமாக எவரேனும் கொள்வாராயின் வரலாறு அவருக்குத் துணை நில்லாது. 1907இலும் பின்னர் 1920இலும் இயற்றப்பெற்ற கல்விக் கட்டளைச் சட்டங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தின. 1920ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த வயது ஆறு முதல் பத்து வரை. நிர்வாகம் ஓர் அறையையும் ஓர் ஆசிரியரையும் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டது. ஓர் அறையுள்ள பாடசாலையில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதற்கு இடமேது? கலப்பு அங்கே கொள்கையினால் விளைந்ததன்று, சிக்கனத்தினால் விளைந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி இத்தீவின் ஏனைய பகுதிகளின் முகத்தை மாற்றியபோது தோட்டப் பாடசாலை தோட்டத்தின் உடைமையாகவே தொடர்ந்தது. 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் அது விடுபட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்களே அரசுடைமையான பின்னர்தான், 1977 தொடக்கம், இப்பாடசாலைகள் படிப்படியாகத் தேசியக் கல்வி அமைப்பினுள் உள்வாங்கப்பட்டன. வட்டகொடைக்கு அயலிலே தலவாக்கலை சென் கூம்ஸில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தாபிக்கப்பட்டதாகும். செடியின் நோய்க்குக் காட்டப்பெற்ற கரிசனையைப் பிள்ளை பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தமை தற்செயலன்று.

அறையிலே கலந்திருந்தோர் மலையிலே கலந்திருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கொழுந்து பறித்தல் பெண்ணுக்கு. கவ்வாத்தும் மருந்தடிப்பும் தொழிற்சாலையின் இயந்திர வேலையும் ஆணுக்கு. மேற்பார்வை எப்பொழுதும் ஆணுக்கு. பெண்ணே பெரும்பான்மையான தொழிலாளியாக விளங்கும் இத்தொழிலிற் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலிக்குச் சமமாக்கப்பட்டது 1984இலேதான். இத்தகைய உற்பத்தி உறவுகள் நிலவும் இடத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் இருபாலாரும் ஒரே வாங்கில் இருப்பது சமத்துவத்தின் பயிற்சியாகாது. பத்து வயதில் அவ்விருவரும் பிரிக்கப்படுவர் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. பெண்பிள்ளை அதற்கு முன்பே, தம்பி தங்கையைப் பார்ப்பதற்காக, பிரிந்து போயிருக்கவும் கூடும். மலையகப் பெண்களின் எழுத்தறிவு ஆண்களின் எழுத்தறிவிலும் நெடுங்காலம் மிகத் தாழ்ந்திருந்தமைக்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

இந்நிலையை யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால், தனிப்பாடசாலை என்ற மறுபக்கமும் தெளிவாகும். அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தனர். ஆசியாவின் தொன்மையான பெண்கள் பாடசாலைகளுள் ஒன்றாக அது போற்றப்படுவது பொருத்தமே. அதன் தொடக்ககால நோக்கங்களுள் மதம் மாறிய இளைஞர்க்கேற்ற கிறித்தவ மனைவியரை உருவாக்குவதும் ஒன்றாகும். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரி அதற்குச் சைவ மறுமொழியாக எழுந்தது. இவ்விரு மரபுகளும் பெண்ணுக்குக் கல்வியைத் தந்தன என்பதை மறுத்தல் நேர்மையன்று. வைத்தியர்களும் ஆசிரியைகளும் எழுத்தாளர்களும் அவற்றினின்றும் தோன்றினர். ஆனால் மதில் எழுப்பப்பட்டது எதனைக் காப்பதற்கு? பெண்ணின் அறிவை மட்டுமன்று. சாதி, சீதனம், குடும்பச் சொத்து ஆகியவற்றைச் சுமந்து செல்லும் பெண்ணுடலையும் காப்பதற்கே. எங்கெல்స் 1884இல் குடும்பத்தையும் தனிச்சொத்தையும் ஒருசேர வைத்து நோக்கியமை இங்கு நினைவுக்கு வருகின்றது. சொத்துடைய வர்க்கம் தன் பெண்ணைப் பிரித்து வைத்துக் கற்பித்தது. சொத்தற்ற வர்க்கத்தின் பெண் கலந்து வைக்கப்பட்டு, கற்பிக்கப்படாது விடப்பட்டாள்.

எனவே ‘கலப்பா, தனியா’ என்ற வினாவிற்கு விடை கூறமுன் ‘யாருக்கு’ என்று கேட்டாகவேண்டும். இவ்வாறு கூறுவதால் அவ்வினாவே நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுவதாகக் கொள்ளலாகாது. நம் முற்போக்காளர் சிலரிடம் அத்தகைய அவசரம் உண்டு. வர்க்கம் என்ற சொல்லை உச்சரித்தவுடன் பெண் பற்றிய வினாக்கள் யாவும் தாமே தீர்ந்துவிடும் என அவர்கள் நம்புகின்றனர். சோவியத் வரலாறே அந்நம்பிக்கைக்கு எதிர்ச்சான்று. புரட்சி அரசு 1918இல் கலப்புக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. 1943இல், போர்க்காலத்தில், பெருநகரங்களில் ஆண் பாடசாலை, பெண் பாடசாலை என்ற பிரிவினை மீண்டும் புகுத்தப்பட்டது. ஆண்பிள்ளைக்குப் படைப்பயிற்சியும் பெண்பிள்ளைக்குத் தாய்மைக்கான ஆயத்தமும் வேண்டும் என்ற கருத்து அதன் பின்னணியில் நின்றது. 1954இல் அது கைவிடப்பட்டது. உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையான ஒரு நாட்டிலே வகுப்பறையின் நடுவில் மதில் எழுந்து வீழ்ந்தமையை நோக்குமிடத்து, அம்மதிலுக்கென ஒரு தனி வரலாறும் உண்டு என்பது தெளிவாகின்றது.

மேல்நாட்டு ஆய்வுகள் யாது கூறுகின்றன? பிரித்தானியரான ஆர். ஆர். டேல் 1969க்கும் 1974க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு, கலப்புப் பாடசாலையில் மாணவரும் ஆசிரியரும் கூடிய மகிழ்ச்சியுடன் இருந்தனர் என வாதிட்டது. அதற்கெதிராக, 1980களின் பெண்ணியக் கல்வியாளர், குறிப்பாக டேல் ஸ்பென்டர், கலப்பு வகுப்பில் ஆசிரியரின் கவனத்தின் பெரும்பங்கை ஆண்பிள்ளைகளே பெறுகின்றனர் என்றும், பெண்பிள்ளை கண்ணுக்குப் புலப்படாதவளாகின்றாள் என்றும் எடுத்துக்காட்டினர். தென்கொரியத் தலைநகர் சோலில் மாணவர் சீட்டுக் குலுக்கல் முறையில் பாடசாலைகளுக்கு ஒதுக்கப்படுவதைப் பயன்படுத்தி 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தனிப்பாடசாலை மாணவரின் பரீட்சைப் பெறுபேறு மேலோங்கியிருந்ததாகக் கண்டது. மறு ஆண்டே, 21 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 16 இலட்சம் மாணவரைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பால்கே, ஹைட், அலிசன் ஆகியோர், குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கிலெடுத்த தரமான ஆய்வுகளில் இரு முறைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என முடித்தனர். தனிப்பாடசாலையின் சிறப்பென எண்ணப்பட்டதிற் பெரும்பகுதி அங்கு பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களின் சிறப்பே என்பது இதனாற் பெறப்படும். வர்க்கம் இங்கும் பின்வாயிலால் நுழைந்துவிடுகின்றது.

இவற்றுள் நமக்கு மிக முக்கியமானது வேறோர் ஆய்வு. இஸ்ரவேலின் பாடசாலைகளை ஆராய்ந்து விக்டர் லாவியும் அனலியா ஷ்லோசரும் 2011இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு வகுப்பிற் பெண்பிள்ளைகளின் பங்கு கூடும்போது ஆண், பெண் இருபாலாரின் பெறுபேறும் உயர்வதாகக் கண்டது. குழப்பமும் வன்முறையும் குறைகின்றன. மாணவர் தம்முள்ளும் ஆசிரியரோடும் கொள்ளும் உறவு சீர்படுகின்றது. ஆசிரியரின் களைப்புக் குறைகின்றது. அதிலே ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பெண்பிள்ளைகளோடு இருப்பதனால் தனித்தனி ஆண்பிள்ளையின் நடத்தை திருந்தியதாக அவ்வாய்வு காணவில்லை. குழப்பம் விளைவிப்போரின் தொகை குறைந்தது, அவ்வளவே. வகுப்பறையின் அமைதி பெண்பிள்ளைகள் தம்முடன் கொண்டுவந்த பண்டம்.

இக்கண்டுபிடிப்பைக் கேட்டவுடன் நல்லெண்ணமுடைய நிர்வாகி ஒருவர், வகுப்புத் தோறும் பெண்பிள்ளைகளைப் பகிர்ந்து வைத்தால் எல்லாம் சீராகும் எனத் திட்டமிடக்கூடும். நாம் அவ்விடத்தில் நின்று சிந்திக்கவேண்டியவராயுள்ளோம். பெண்பிள்ளைக்கு இவ்வமைதி எங்கிருந்து வந்தது? அது பிறவிக் குணமன்று. காலையில் தேயிலைச்சாயம் கொதிக்கவைத்து, தம்பியை எழுப்பி முகம் கழுவி, தண்ணீர் சுமந்து, தாய் பெரட்டுக்குப் போகுமுன் அவளுடைய கட்டளைகளைக் கேட்டு, குரலெழுப்பாது காரியம் முடிக்கப் பழகியதன் விளைவு அது. வீட்டிலே கூலியின்றிச் செய்யப்படும் அவ்வுழைப்பு வகுப்பறைக்குள்ளும் கூலியின்றித் தொடர்கின்றது. அதன் பயனை ஆசிரியர் அனுபவிக்கின்றார், ஆண்பிள்ளைகள் அனுபவிக்கின்றனர், பாடசாலையின் நற்பெயர் அனுபவிக்கின்றது. பெண்ணின் விரல்கள் மென்மையானவை, ஆதலின் கொழுந்துக்கு ஏற்றவை எனத் தோட்டத்துரைமார் சொல்லி வந்தனர். பெண்ணின் இயல்பு பொறுமை, ஆதலின் வகுப்புக்கு நன்று எனச் சொல்வதும் அதே தர்க்கத்தின் வழிப்பட்டதே. சமூகம் பயிற்றிய திறனை இயற்கையின் கொடை எனப் பெயரிட்டால் அதற்கு விலை கொடுக்கவேண்டியதில்லையல்லவா?

வட்டகொடையைச் சூழ்ந்த தோட்டங்களின் வகுப்பறையை இக்கண்கொண்டு நோக்குவோம். அறை ஒன்று, நடுவே ஒரு நடைபாதை, இடப்புறம் பெண்கள், வலப்புறம் ஆண்கள். எவரும் கட்டளையிட்டு இவ்வொழுங்கு ஏற்பட்டதன்று. எவரும் கேள்வி கேட்பதுமில்லை. பெயரளவில் இது கலப்பு வகுப்பு. உண்மையில் ஒரு கூரையின் கீழ் இரு வகுப்புகள். வினா எழுப்பப்பட்டால் வலப்புறத்திலிருந்து சரியோ பிழையோ ஒரு விடை எழும். இடப்புறத்தில் விடை தெரிந்தவள் அயலவளின் காதிற் சொல்வாள். தேவாரம் பாட, கொப்பிகளைச் சேர்க்க, கரும்பலகை துடைக்க, விழாவுக்குக் கோலம் போட அழைக்கப்படுபவள் அவளே. குழப்பக்காரப் பையன் ஒருவனை ‘அடக்கி வைப்பதற்காக’ இரு பெண்பிள்ளைகளுக்கிடையே இருத்துவது ஆசிரியர் பலர் கையாளும் தண்டனை. அவனுக்கு அது அவமானமெனக் கருதப்படுகின்றது. அவ்விரு பெண்பிள்ளைகளுக்கும் அது என்னவென்று எவரும் கேட்டறிவதில்லை. பெண்ணருகில் இருப்பது இழிவு என்ற பாடத்தை அந்தத் தண்டனை முழு வகுப்புக்கும் கற்பித்துவிடுகின்றது. பாடநூலில் ஆண் பெண் சமத்துவம் பற்றி எத்தனை பக்கங்கள் அச்சிடப்பட்டிருப்பினும் அது அழிவதில்லை.

மனநலம் என்ற சொல் இக்காலக் கல்வி அறிக்கைகளில் மலிந்து கிடக்கின்றது. தோட்டத்துப் பெண்பிள்ளையின் மனநலம் பெரும்பாலும் வகுப்பறையின் வாசலுக்கு அப்பாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. அவள் ‘பெரிய மனுசி’ ஆனதும் சடங்குக்காகப் பள்ளியினின்றும் நிறுத்தப்படுகின்றாள். லயமே அறிந்த அச்செய்தி வகுப்புக்கும் தெரிந்திருக்கும். சில வாரங்களின் பின் அவள் திரும்பிவரும்போது அவ்வறை முன்னர் இருந்த அறையன்று. நீரில்லாத, தாழ்ப்பாளில்லாத மலசலகூடம் கலப்புப் பாடசாலையில் ஆண்பிள்ளைக்கு ஓர் அசௌகரியம். பெண்பிள்ளைக்கு மாதந்தோறும் சில நாள் விடுமுறை. 2024இல் அரசு, பின்தங்கிய பாடசாலைகளின் மாணவியர்க்கு அணையாடை வாங்குவதற்கென 1,200 ரூபாய் பெறுமதியான வவுச்சரை வழங்க முன்வந்தது. தோட்டப்புறப் பாடசாலைகளும் அதனுள் அடங்கின. அது வரவேற்கத்தக்கது. ஆயின் அணையாடையை மாற்றுவதற்கு ஒரு கதவும் ஒரு வாளி நீரும் வேண்டும்.

பின்னர் பாதை. மேற்கணக்கிலிருந்து பாடசாலைக்குத் தேயிலை மலையூடே நடக்கும் பாதை தனித்த பாதை. அங்கு நேரும் கேலியும் பின்தொடர்தலும் பாடசாலையின் பொறுப்புக்கு அப்பாற்பட்டனவாகக் கருதப்படுகின்றன. ஒரு கடிதம் கைமாறியதாகப் பேச்செழுந்தால் லயத்தின் பத்துக் காம்பராவும் பொழுது சாயுமுன் அதனை அறிந்துவிடும். சுவர் ஒன்றினால் மட்டும் பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்கிடையே இரகசியம் என்பதொன்றில்லை. அதன்பின் பாடசாலையினின்றும் விலக்கப்படுபவள் பெண்ணே. பையன் மறுநாளும் வருவான். பெற்றோரைப் பழமைவாதிகள் எனத் தூற்றுதல் எளிது. வெளியுலகில் எவ்விதப் பாதுகாப்பையும் சமூகம் தராதபோது, மகளின் நற்பெயர் ஒன்றையே தம் உடைமையாகக் கொண்டிருக்கும் ஒரு தொழிலாளிக் குடும்பம் அஞ்சுவதில் வியப்பில்லை. மேற்கூறிய யாழ்ப்பாணத்து மதிலை இக்குடும்பம் தன்னிடமுள்ள ஒரே பொருளால், அதாவது மகளின் படிப்பை நிறுத்துவதால், எழுப்பிக்கொள்கின்றது.

இவ்வச்சத்திற்குப் பொருளியல் விளைவும் உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் தோட்டப்புறத்தில் மிகச் சில. வட்டகொடையிலிருந்து விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ செல்லவேண்டும். பையனை அனுப்பும் வீடு பெண்ணை அருகிலுள்ள கலைப்பிரிவில் சேர்க்கும். அவள் கூடிய புள்ளி பெற்றிருப்பினும் அவ்வாறே நிகழும். ஹட்டன் புனித கபிரியேல் போன்ற மகளிர் பாடசாலைகள்பால் பெற்றோர்க்குள்ள ஈர்ப்பை இச்சூழலில் வைத்தே விளங்கிக்கொள்ளவேண்டும். அங்கு கல்வி மேலானது என்பதைவிட, அங்கு அனுப்பினால் லயம் வாய் திறவாது என்பதே பெற்றோரின் கணக்கு. தனிப்பாடசாலை பெண்ணுக்கு விஞ்ஞானத்தைத் திறந்துவிடுமாயின் அதனை எதிர்த்து நிற்க நமக்கு எவ்விதக் கோட்பாட்டு நியாயமும் இல்லை. கலப்பு வகுப்பு என்னும் கொள்கையைக் காப்பதற்காக ஒரு பெண்பிள்ளையின் பௌதிகவியலைப் பலி கொடுக்கவியலாது.

அண்மைக் காலத்தில் இவ்வறைகளின் ஆண் பெண் விகிதமே மாறி வருகின்றது. கட்டாயக் கல்வி வயது 1998இல் ஐந்து முதல் பதினான்கு என நடைமுறைப்படுத்தப்பட்டு, 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. எனினும் சாதாரண தரத்தை நெருங்கும் வகுப்புகளில் ஆண்பிள்ளைகளின் வாங்குகள் வெறுமையாகி வருவதைத் தோட்டப்புற ஆசிரியர் எவரும் அறிவர். கொழும்பின் கடைகளும் உணவகங்களும் அவர்களை இழுத்துக் கொள்கின்றன. பெண்பிள்ளைகள் எஞ்சி நிற்கின்றனர். லாவி, ஷ்லோசர் கூறிய அமைதி அவ்வகுப்புகளில் உண்மையாகவே நிலவுகின்றது. ஆசிரியைமார் அதனை மகிழ்வுடன் கூறவும் கேட்டிருக்கின்றோம். அவ்வமைதியின் ஒரு பகுதி கொழும்பில் மூட்டை சுமக்கும் பதினைந்து வயதுப் பையன்களால் வாங்கப்பட்டது என்பதை எப்புள்ளிவிபரம் காட்டும்? வகுப்பைக் குழப்பியவன் என ஆசிரியர் நினைவிற் பதிந்தவன், தான் வெளியேறவிருப்பதை முன்னரே உணர்ந்திருந்தவனாக இருக்கலாம். பயன் தராது என அறிந்த ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்திருப்பது எவருக்கும் எளிதன்று. எஞ்சிய பெண்பிள்ளைக்குக் கல்வி நீடித்தமையும் முழு விடுதலையாகிவிடவில்லை. அவளுக்கெதிரே ஆடைத் தொழிற்சாலையும் மத்தியகிழக்கின் சமையலறையும் காத்திருக்கின்றன. சாதாரண தரச் சித்தி அங்கு செல்லும் வயதைச் சில ஆண்டுகள் பின்தள்ளுகின்றது. அச்சில ஆண்டுகளையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும் தன் பெயரிலுள்ள ஒப்பந்தத்தை வாசிக்கும் ஆற்றலில் பெரும் வேறுபாடு உண்டு.

ஆசிரியரைப் பற்றியும் கூறவேண்டும். பழைய தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் ஆண். சில இடங்களில் அவரே தோட்டத்தின் எழுத்து வேலையையும் பார்த்தார். 1980களிலிருந்து மலையக இளைஞரும் யுவதியரும் பெருந்தொகையாக ஆசிரிய நியமனம் பெற்றமை இம்மக்களின் வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம். அஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட தோட்டக் கல்வி பற்றிய நூல் அம்மாற்றத்தை விரிவாக ஆராய்கின்றது. லயத்திற் பிறந்த பெண் சேலையுடுத்து, கையில் இடாப்புடன் அதே அறைக்குத் திரும்பி வந்தாள். அவ்வறையிற் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தனர் என்பதிலும், முன்னே நின்றவள் ஒரு பெண் என்பது இடப்புற வாங்கின் மௌனத்தைக் கூடுதலாகக் கலைத்திருக்கும் என எண்ணுகின்றோம். ஆயின் அவ்வாசிரியையும் அதே பண்பாட்டின் பிள்ளை. கோலத்துக்குப் பெண்ணையும் கதிரை தூக்க ஆணையும் அழைப்பவர்களுள் அவளும் இருக்கின்றாள். அதிபர் கதிரையில் யார் அமர்கின்றார் என்பது இன்னொரு வினா.

நம் இலக்கியத்திற்கு மீள்வோம். மலையகப் பெண் இப்போது தானே எழுதத் தொடங்கிவிட்டாள். கவிதையில் அவளுடைய குரல் கேட்கின்றது. அக்குரல் லயத்தையும் மலையையும் மத்தியகிழக்கையும் பேசுகின்றது. இடப்புற வாங்கை இன்னும் போதியளவு பேசவில்லை. அதற்கான மூலப்பொருள் வெகுதூரத்தில் இல்லை. பாடசாலையின் வரவிடாப்பை ஓர் இலக்கியப் பிரதி போன்று வாசிக்கலாம். கொழுந்து மிகும் வாரங்களில் எப்பெயர்களுக்கெதிரே வெற்றிடம் விழுகின்றது, எவ்வகுப்பில் எம்மாதத்துடன் ஒரு பெயர் முற்றாக நின்றுவிடுகின்றது என்பன அங்கு பதிவாகியுள்ளன. அதனருகே சுவரில் வகுப்பறைத் துப்புரவுப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை எழுதப்பட்ட பெயர்களில் ஆண்பிள்ளைகளின் பெயர் எத்தனை, அவற்றுள் உண்மையில் விளக்குமாற்றைக் கையிலெடுத்தோர் எத்தனை பேர் என்பதிலிருந்து இவ்வாய்வை எவரும் தொடங்கலாம்.